நிற்கத் தெரிந்த செல்

பச்சை மூடி போட்ட ஹெப்பாரின் ட்யூபில் மூன்று மில்லி ரத்தம் வரும். கூடவே ஒரு தாள். அதில் ஒரு குழந்தையின் வயது, 'மூன்று வகை அணுக்களும் குறைவு' என்ற வரி, சில சமயம் 'வலது கட்டைவிரல் சிறியது', 'வயதுக்கேற்ற உயரமில்லை', 'தோலில் காப்பி நிறத் திட்டுகள்' என்ற குறிப்புகள். கடைசியில் மருத்துவர் கேட்டிருக்கும் சோதனையின் பெயர்: குரோமோசோம் பிரேக்கேஜ். அடையாறில் குரோமோசோம் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் எங்களுக்கு, இந்தத் தாளைப் படித்ததுமே அந்த வாரம் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும்.

மற்ற ரத்தப் பரிசோதனைகளில் ஏற்கெனவே இருப்பதை அளப்பார்கள், சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று. இதில் நாங்களே செல்லுக்குச் சேதம் உண்டாக்கிவிட்டு, அது என்ன செய்கிறது என்று காத்திருந்து பார்க்கிறோம். ரத்தத்தைப் பங்கு பிரித்து, ஒன்றைச் சும்மா வளரவிடுவோம். மற்றதில் மைட்டோமைசின்-சி சேர்ப்போம். நோயில்லாத ஒருவரின் ரத்தத்துக்கும் பக்கத்திலேயே இதே இரண்டும் நடக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை. அந்த நோயில்லாதவர் யார்? அன்றைக்கு லேபில் யார் முதலில் கை நீட்டுகிறாரோ அவர். என் குரோமோசோம்களை நான் பார்த்திருக்கும் அளவுக்கு என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருப்பேனா, சந்தேகம்தான்.

மைட்டோமைசின் ஊதா நிறப் பொடி. 1950களில் ஜப்பானில், மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசெஸ் பாக்டீரியாவிலிருந்து எடுத்தார்கள். இன்றும் அது புற்றுநோய் மருந்து. வெளிச்சம் ஆகாது, அலுமினியத் தாள் சுற்றித்தான் வைக்க வேண்டும். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் குறுக்கே பிணைத்துவிடுவது அதன் வேலை. பின்னலின் நடுவே எல்லாப் புரியையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால், எந்தப் பக்கமிருந்து பிரித்துக்கொண்டு வந்தாலும் அங்கே வந்து நின்றுதானே ஆக வேண்டும்? செல் இரண்டாவதற்கு முன் டி.என்.ஏ.வை நகலெடுக்க வேண்டும். நகலெடுக்க இழைகள் பிரிய வேண்டும். வந்து முட்டுகிறது.

இனி நடப்பதுதான் இந்தத் தொழிலில் என்னைப் பிடித்துவைத்திருக்கிறது.

நகலெடுக்கும் புரதங்கள் முட்டி நின்றதும் அந்த இடத்தில் டி.என்.ஏ. கொஞ்சம் ஒற்றை இழையாக வெளியே தெரியும். ஆர்.பி.ஏ. என்ற புரதம் அதை மூடிக்கொள்ளும். அப்படி மூடியிருப்பதை அடையாளம் கண்டு ஏ.டி.ஆர். என்ற நொதி வந்து சேரும். அது சி.எச்.கே.1ஐ எழுப்பும், சி.எச்.கே.1, செல் பிரிவைக் கிளப்பிவிடும் சி.டி.சி.25 என்ற புரதத்தை முடக்கும். ஆக, செல் இப்போதைக்குப் பிரியாது. இரண்டு இழையும் சேர்ந்தே அறுந்துபோனால் பொறுப்பு ஏ.டி.எம். என்ற வேறொரு நொதிக்கு. சேதம் எதுவும் இல்லாத நாளில் அது இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். அறுந்த செய்தி வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு, பிரிந்து வேலைக்குக் கிளம்பும். பக்கென்னிஸ்ட், காஸ்டன் என்ற இருவர் 2003இல் இதைக் காட்டினார்கள். சில நிமிடங்களுக்குள் அறுந்த இடத்தின் இரு புறமும் லட்சக்கணக்கான எழுத்துத் தூரத்துக்கு ஹிஸ்டோன் புரதங்களில் குறி விழுந்துவிடும்.

ரிப்பேர் செய்பவர்களின் முறை அதற்குப் பிறகு. சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கைடோ ஃபேன்கோனி 1927இல் ஒரே குடும்பத்துச் சகோதரர்கள் மூவரிடம் கண்ட ரத்தசோகைக்கு அவர் பெயரே நிலைத்தது. இன்று அந்த நோயோடு சம்பந்தப்பட்ட மரபணுக்கள் இருபதுக்கும் மேல். அவற்றின் புரதங்களில் பல ஒன்றாகக் கூடி, ஃபேங்க்-டி2 என்ற இன்னொரு புரதத்தின் மேல் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்தை ஒட்டுகின்றன. ஒட்டியதும் டி2 தன் ஜோடியோடு சேர்ந்து டி.என்.ஏ.வைக் கவ்விக்கொள்ளும். வெட்டும் நொதிகள் வந்து முடிச்சின் இரு பக்கமும் ஓர் இழையை நறுக்கும். முழுதாக இருக்கும் சகோதர நகலைப் பார்த்து, அறுந்ததை மறுபடி எழுத வேண்டும், அதற்கு ஆர்.ஏ.டி.51ஐக் கொண்டுவந்து உட்கார்த்துவது பி.ஆர்.சி.ஏ.2.

ஒட்டிய யுபிக்விட்டினைக் கழற்றவும் ஆள் உண்டு, யு.எஸ்.பி.1 என்று. எலியில் இந்த நொதியை நீக்கிப் பார்த்தார்கள். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. ரிப்பேர் இன்னும் நன்றாக நடந்திருக்க வேண்டும் என்றுதானே தோன்றும்? எலிகளுக்கு ஃபேன்கோனி நோயில் வருவதை ஒத்த கோளாறுகளே வந்தன. சேதமான செல்லை நிறுத்துவதில் பெரிய பெயர் வாங்கிய பி53 புரதத்தின் கதையும் இப்படித்தான். அமைதியான செல்லில் அது சுமார் 20 நிமிடங்களில் பாதியாகக் கரைந்துவிடும், அழிக்கிற எம்.டி.எம்.2 கூடவே இருக்கும். சேதம் வந்தால் அழிவு நின்று பி53 பெருகும். பெருகிய பி53 முதலில் தயாரிக்கச் சொல்கிற புரதங்களில் ஒன்று அதே எம்.டி.எம்.2. தன்னை அடக்குபவனைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. ரிப்பேர் நொதிகளுக்கு 2015இல் நோபல் கொடுத்தார்கள், சரிதான். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகர்கள் நிறுத்துகிறவர்களும், நிறுத்தியதைச் சரியான நேரத்தில் விலக்கிக்கொள்கிறவர்களும்தான்.

இவ்வளவும் நடப்பதை நாங்கள் நேரில் பார்ப்பதில்லை. பார்ப்பது அதன் மிச்சத்தை. அதற்கு மெனக்கெட வேண்டும்.

ரத்தத்தில் உள்ள லிம்ஃபோசைட்டுகள் தாமாகப் பிரியாது. பி.எச்.ஏ. சேர்த்துத் தூண்ட வேண்டும். அது ராஜ்மா இனத்துப் பயறிலிருந்து எடுப்பது. 37 டிகிரியில் 72 மணி நேரம் வளர்ப்போம். மே மாதத்துச் சென்னையில் ட்யூபை வெளியே வைத்தாலே போதாதா என்று புதிதாக வருகிற எல்லோரும் ஒரு தடவை கேட்டுவிடுவார்கள். போதாது, இரண்டு டிகிரி ஏறி இறங்கினாலும் செல் காட்டிக்கொடுத்துவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைந்த கதை இந்த ஊரில் செல் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஹார்வெஸ்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கோல்செமிட். குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நூல்களை அது குலைத்துவிடும். பிரியப்போன செல் பாதி வழியில், குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரியும் மெட்டாஃபேஸ் நிலையில் நின்றுவிடும். கோல்செமிட், கோல்ச்சிசினின் நெருங்கிய உறவு. கோல்ச்சிசின் எங்கிருந்து வருகிறது? மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் போட்டு வளர்க்கிறார்களே கண்வலிக்கிழங்கு, அதன் விதையிலிருந்து. நம் மாநில மலரான செங்காந்தள் அதுவேதான். மெரினா எதிரே ராணி மேரி கல்லூரியிலும் பிறகு மாநிலக் கல்லூரியிலும் படித்துப்போன ஜானகி அம்மாள் இதே கோல்ச்சிசினை இங்கிலாந்தில் மக்னோலியா நாற்றுகளில் பிரயோகித்தவர். டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸைக் கொண்டுவந்தவர். கடைசிக் காலத்தில் மதுரவாயலில் இருந்தார். எங்கள் தொழிலுக்கு இந்த ஊரில் மூத்தவர் என்று நான் சொல்லிக்கொள்வது அவரைத்தான்.

அடுத்து பொட்டாசியம் குளோரைடு, நீர்த்த கரைசல். செல் தண்ணீரை இழுத்து உப்பிக்கொள்ளும். டி.சி. ஷூ அமெரிக்காவில் யாரோ தவறாகக் கலந்த உப்புக் கரைசலால் 1950களின் தொடக்கத்தில் இதைக் கண்டுபிடித்தார். அது வந்த பிறகுதான் மனிதனுக்கு 46 குரோமோசோம் என்றே 1956இல் உறுதியானது. பிறகு மெத்தனால் மூன்று பங்கு, அசெட்டிக் அமிலம் ஒரு பங்கு. லேப் முழுக்க வினிகர் வாடை அடிக்கும் நாள் அது.

அப்புறம் ஸ்லைடு போடுவது. இதைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. ஸ்லைடைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துச் சாய்த்துப் பிடித்து, பாஸ்டர் பிபெட்டிலிருந்து ஒரு சொட்டு. சொட்டு பரவும், மெத்தனால் முதலில் ஆவியாகும், விளிம்பில் வானவில் நிறத்தில் வளையங்கள் ஓடும். அந்த வளையம் எவ்வளவு வேகமாக உள்ளே சுருங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் காய்ந்தால் குரோமோசோம்கள் பிரியாமல் கொத்தாக நிற்கும். மெதுவாகக் காய்ந்தால் செல் வெடித்துக் குரோமோசோம்கள் சிதறி, எது எந்தச் செல்லுடையது என்றே தெரியாது. ஐப்பசி மழையில் அடையாறுக் காற்று நனைந்து கிடக்கும். அப்போது ஸ்லைடை வெதுவெதுப்பான தட்டில் ஒரு நொடி காட்ட வேண்டும். ஏ.சி. முழு வேகத்தில் ஓடும் சித்திரையில் வெந்நீர்த் தொட்டியின் ஆவி மேல் காட்ட வேண்டும். வெளிநாட்டு நெறிமுறைகளில் ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கும். நான் அந்த வளையத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "மேடம், எவ்ளோ உயரத்துலேர்ந்து விடணும்?" என்று ஸ்கேலோடு வந்தாள். ஸ்கேலை வாங்கி வைத்துவிட்டு, "நீ சொட்டைப் பாக்காத, காயறதப் பாரு" என்றேன். ஒரு மாதத்தில் என்னைவிட நன்றாகப் போட்டாள்.

ஜீம்சா சாயம் ஏற்றி, நூறு மடங்கு லென்ஸில் எண்ணெய் வைத்துப் பார்த்தால், மைட்டோமைசின் பட்ட என் செல்லில் அங்கொன்று இங்கொன்று முறிவு இருக்கும், அவ்வளவுதான். ஃபேன்கோனி குழந்தையின் செல்லில் ஒரே பார்வையில் தெரியும். ஒரு குரோமோசோமின் அறுந்த முனை சம்பந்தமே இல்லாத இன்னொன்றின் அறுந்த முனையோடு ஒட்டியிருக்கும். நான்கு கைகள் நான்கு திசையில் நீளும் உருவம். குவாட்ரிரேடியல் என்போம். மூன்று கை என்றால் ட்ரைரேடியல். சகோதர நகலைப் பார்த்துச் சரிசெய்யத் தெரியாத செல், அருகில் கிடைத்த முனையோடு ஒட்டவைத்த கோலம் அது. சசாகி, டோனோமுரா என்ற இரண்டு ஜப்பானியர்கள் இந்த நோயாளிகளின் செல்கள் குறுக்குப் பிணைப்பு மருந்துகளுக்கு எப்படி நொறுங்குகின்றன என்று 1973இல் எழுதினார்கள். சோதனையின் அடிப்படை இன்றும் அதுவே. மரபணு வரிசையை வாசிக்கும் இயந்திரங்கள் வந்த பின்னும் இதை விடவில்லை. எழுத்துப் பிழையை இயந்திரம் சொல்லிவிடும். அந்தப் பிழையால் செல்லுக்கு ஏதாவது ஆகிறதா என்பதைச் செல்தான் சொல்ல வேண்டும்.

பழகிய கண்ணுக்கு முறிவைவிட முன்னால் ஒன்று தெரியும். ஃபேன்கோனி குழந்தையின் ஸ்லைடு வெறிச்சென்று இருக்கும். மருந்து படாத பக்கத்தில் மெட்டாஃபேஸ்கள் நிறைய. மருந்து பட்ட பக்கத்தில் ஸ்லைடு முழுக்க உழுதாலும் சில. செல்கள் சாகவில்லை. நகலெடுத்து முடித்து, பிரிவதற்கு முந்தைய கட்டத்தில் வரிசையாக நிற்கின்றன. சேதம் தீராமல் தாண்டக் கூடாது என்ற உத்தரவு வேலை செய்கிறது. சேதம் தீர வழியில்லை. அப்படியும் தாண்டி வந்தவற்றைத்தான் நாங்கள் எண்ணுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தத் தடையைக் காஃபின் உடைத்துவிடும். ஏ.டி.எம்., ஏ.டி.ஆர். இரண்டையும் அது மட்டுப்படுத்துவதால், வளர்ப்பில் கலந்தால் நின்ற செல்கள் சேதத்தோடே பிரிவுக்குள் விழும். மயிலாப்பூரில் பிறந்தவள் நான். டிகிரி காப்பி இல்லாமல் பொழுது விடியாத வீடு. ஆகவே சொல்லிவிடுகிறேன், லேபில் சேர்க்கும் அளவு ரத்தத்தில் ஏற வேண்டுமானால் ஆள் அதற்கு வெகுநேரம் முன்பே செத்திருப்பார். பயமில்லாமல் குடிக்கலாம்.

தடை உடைவதை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், நோயின் போக்கே அதில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களுக்கு மைட்டோமைசின் யாரும் தருவதில்லை. உடலே ஃபார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் உற்பத்தி செய்கிறது, கேம்பிரிட்ஜில் கே.ஜே. பட்டேலின் குழு எலிகளில் காட்டியபடி, அந்த ஆல்டிஹைடுகளே இழைகளைச் சேதப்படுத்தப் போதும். சரிசெய்ய முடியாத செல்லை பி53 நிறுத்தும், நிறுத்திக்கொண்டே இருக்கும், கடைசியில் மடியவைக்கும். இப்படியே மஜ்ஜை வற்றிப்போகிறது. குழந்தைக்கு ரத்தம் குறைவது, நிறுத்தும் ஏற்பாடு நேர்மையாக வேலை செய்வதால். பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனைக்காரர்கள் 2010களின் தொடக்கத்தில் இன்னொன்றையும் காட்டினார்கள்: வயது கூடிய சில நோயாளிகளின் செல்கள் அந்தத் தடையைத் தாமாகவே தளர்த்திக்கொள்கின்றன. சேதம் அப்படியே இருக்கிறது, நிற்பது மட்டும் குறைகிறது. ரத்த எண்ணிக்கை சற்றுத் தேறுவதுகூட உண்டு. அங்கிருந்து ரத்தப் புற்றுக்குப் போகும் அபாயம் பெரிது. பெரிய பையனின் ஸ்லைடில் எதிர்பார்த்ததைவிட மெட்டாஃபேஸ் தாராளமாகக் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை.

சோதனை முடிவைச் சொல்ல மரபணு ஆலோசகர் இருக்கிறார். இருந்தும் சில குடும்பங்கள் எண்ணியவரைப் பார்க்க வேண்டும் என்று வருவார்கள். "சொந்தத்துல கட்டினதாலயா டாக்டரம்மா?" என்று கேட்பார் தாய். தி.நகரில் ஜவுளி எடுத்த பை ஒரு கையில், ரிப்போர்ட் மறு கையில். கூட வந்த பாட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார், அவர்தான் தம்பிக்கே பெண்ணைக் கொடுத்தவர். உறவு நோயை உண்டாக்காதும்மா, இரண்டு பேருக்கும் ஒரே முன்னோரிடமிருந்து ஒரே பழுது வந்திருக்கும் வாய்ப்பை அது கூட்டும்; ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு, என்று சொல்வேன். தெற்காசியக் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பழுது ஃபேங்க்-எல் மரபணுவில் இருக்கிறது. எழுத்து மாறுகிறது, அமினோ அமிலம் மாறுவதில்லை. பார்க்கிறவர் ஒன்றுமில்லை என்று தள்ளிவிடலாம். ஆனால் ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் இடம் குழம்பி ஒரு துண்டு விடுபட்டுப்போகிறது. எந்த உறவும் இல்லாத தம்பதிக்கும் அது வருகிறது. அதைச் சொன்னால் பாட்டி திரும்பிப் பார்ப்பார்.

சில வீடுகளில் குடும்ப மரம் வரையும்போது வேறொரு கதை வெளிப்படும். அத்தைக்கு மார்பில் புற்று, பெரியம்மாவுக்குச் சினைப்பையில். பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவின் இரண்டு நகலும் பழுதானால் ஃபேன்கோனி. ஒரு நகல் பழுதானால் மார்பக, சினைப்பைப் புற்றுக்கான அபாயம். இரண்டும் ஒரே மரபணு என்று 2002இல்தான் தெரிந்தது. அடுத்த வருடமே, முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து ஒரு கட்டுரை வந்தது: தென்னிந்தியக் குடும்பங்களில் பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2, சி.எச்.இ.கே.2 மரபணுக்களைத் தேடிய ஆய்வு. எழுதியவர்கள் வரிசையில் ராஜ்குமார் முதல் பெயர், சாந்தா கடைசிப் பெயர். சி.எச்.இ.கே.2 என்பது ஏ.டி.எம்.மின் உத்தரவைக் கேட்டுச் செல்லை நிறுத்துகிற புரதம். ரிப்பேர்காரர்களோடு நிறுத்துகிறவரையும் ஒரே பட்டியலில் தேடியிருக்கிறார்களே என்று அந்தத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருப்தி.

எங்களைக் குழப்பும் ரிப்போர்ட் ஒன்று உண்டு. பாதி செல்கள் நொறுங்கியிருக்கும், பாதி என் செல்களைப் போலவே சுத்தமாக இருக்கும். ரத்தம் உண்டாக்கும் ஏதோ ஒரு ஸ்டெம் செல்லில் பழுது தற்செயலாகத் திருந்திவிட்டது. திருந்தியது மற்றவற்றைவிட நன்றாகப் பெருகி இடத்தைப் பிடித்துக்கொண்டது. மொசைசிசம் என்போம். முறிவுகளின் சராசரியை மட்டும் எழுதினால் குழந்தைக்கு நோயில்லை என்றுகூடத் தோன்றும். ஆகவே சராசரி எழுதுவதோடு விடக் கூடாது. எத்தனை செல்லில் எத்தனை முறிவு என்று பிரித்துப் போட வேண்டும், தோலிலிருந்து செல் எடுத்து வளர்த்து மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மருத்துவர்கள் அவசரப்படுத்துவார்கள். தோல் செல்லுக்கு அந்த அவசரம் தெரியாது.

மஜ்ஜை மாற்று என்று முடிவானால் அக்காவோ தம்பியோ பொருந்துவார்களா என்று பார்ப்பார்கள். பொருந்தினாலும், பார்க்க எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும், கொடுப்பவரின் ரத்தமும் எங்களிடம் வந்துவிட்டுத்தான் போக வேண்டும். அறிகுறியே இல்லாத ஃபேன்கோனி உண்டு. அந்தப் பிள்ளையின் ஸ்லைடை எண்ணும்போது அறையில் பேச்சு இருக்காது.

மாற்றுக்கு முன் பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் குறுக்குப் பிணைப்பு மருந்துதான். மற்றக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் அளவை இவர்களுக்குக் கொடுத்தால் உடல் தாங்காது. வெகுவாகக் குறைத்தே தருவார்கள். மாற்று முடிந்ததும் ரத்தம் கொடுத்தவருடையதாகிவிடும், எங்கள் சோதனையும் அதில் சுத்தமாக வரும். வாயும் தொண்டையும் அந்தக் குழந்தையுடையதாகவே இருக்கும். இருபது வயதைத் தாண்டுகிறபோது நாக்கிலும் தொண்டையிலும் புற்று வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு. அப்போது வழக்கமான சிஸ்பிளாட்டினையும் கதிர்வீச்சையும் வழக்கமான அளவில் தர முடியாது. அதனால் ரிப்போர்ட்டின் கீழே, முறிவு எண்ணிக்கைக்குப் பிறகு, நான் தனியாகச் சேர்க்கும் வரிகள் சில உண்டு: எந்தக் காலத்திலும் எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தத் தாளைக் காட்டவும். புகையிலை, மது இரண்டும் கூடாது. எச்.பி.வி. தடுப்பூசி பற்றிக் கேட்கவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவர் வாயைப் பார்க்கட்டும். தேவையில்லாமல் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டாம்.